தொலைபேசி நிறுவனத்தின் கொம்பு அன்டெனா வானியலுக்குள் நுழைந்தது எப்படி?

வெள்ளவத்தை வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பௌதிகவியலை உயர்தரத்தோடு விட்டுவிட்டேன் என்பதால், கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மார்ச் மாத நடுப்பகுதியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் படம் நண்பகலை ஒட்டி நாள்தோறும் சில நிமிடங்கள் சதுரம் சதுரமாக உடைந்து மறைந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. மொட்டை மாடியில் ஏறிச் செய்மதித் தட்டைப் பரிசோதித்த தம்பி, தட்டில் குறை எதுவும் இல்லை என்றும், அந்த நேரத்தில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் அதன் இரைச்சல் செய்மதியின் குரலை மூழ்கடிக்கிறது என்றும் சொன்னார். நான் முதலில் நம்பவில்லை. நான்கைந்து நாட்களில் அது தானாகவே சரியான பிறகுதான் நம்பினேன்.

அதன்பின் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு செய்தி என்னைத் தடுத்து நிறுத்தியது. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சை முதன்முதலில் கண்டுபிடித்தது எந்த வானாய்வகமும் அல்ல, செய்மதித் தொடர்புக்காக அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடம் கட்டிய அன்டெனாதான் என்று அதில் இருந்தது. கொம்பு வடிவிலான அந்த அன்டெனாவின் வாய் ஆறு மீற்றர் அகலம் மட்டுமே. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் 76 மீற்றர் விட்டமும் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீற்றர் விட்டமும் கொண்ட வானொலித் தொலைகாட்டிகள் இயங்கிக்கொண்டிருந்தன. பெரிய தட்டுகள் காணாததைச் சிறிய கொம்பு எப்படிக் கண்டது? இது வெறும் அதிர்ஷ்டமா? அதற்குள் கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தைச் சுரண்டி எடுத்த கதை உண்மைதானா, அல்லது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அலங்காரமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கட்டுபெத்த பழைய மாணவர் எழுதியது:

ஐயா, தொலைத்தொடர்புப் பொறியியலாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்மதியிலிருந்து சைகை வாங்குவதில் எங்கள் பாடு சைகையோடு அல்ல, இரைச்சலோடுதான். உங்கள் மார்ச் மாத அனுபவமும் அதைத்தான் காட்டுகிறது: செய்மதியின் சைகை ஒரு துளிகூடக் குறையவில்லை, பின்னணிதான் உயர்ந்தது. சூடுள்ள எந்தப் பொருளும் வானொலி இரைச்சலை எழுப்பும் என்பதால், இரைச்சலையும் நாங்கள் வெப்பநிலையின் அலகான கெல்வினிலேயே அளக்கிறோம்.

1950களின் பிற்பகுதியில், நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் இந்தப் பாடு உச்சத்தில் இருந்தது. நம் கொழும்பில் 1956 முதல் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலையாக நிற்கும் செய்மதிகளைப் பற்றி 1945 ஒக்டோபரிலேயே எழுதிவிட்டார் என்பது இங்கு அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்த உயரத்துக்கு எதையும் ஏற்றும் வசதி அப்போது இல்லை. பெல் ஆய்வுகூடத்தின் ஜோன் பியர்ஸ் எளிய வழி ஒன்றை முன்வைத்தார். வானில் ஒரு பெரிய பலூனை விரித்து, அதன் பளபளப்பான மேற்பரப்பில் வானொலி அலைகளைப் பட்டுத் தெறிக்க வைப்பதே அந்த வழி. 1960 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஏவப்பட்ட எக்கோ 1 என்பது, அலுமினியம் பூசப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன, ஏறத்தாழ 30 மீற்றர் விட்டமுள்ள அத்தகைய ஒரு பலூன்தான். அதற்குள் சைகையைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவி எதுவும் கிடையாது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து அனுப்பிய அலை பலூனில் பட்டு, நாலா பக்கமும் சிதறி, அதில் மிஞ்சிய அற்பப் பங்கு மட்டுமே மறுகரையில் நியூ ஜேர்சியின் ஹோம்டெலை வந்தடைந்தது. அந்த அற்பத்தைக் கேட்க வேண்டுமானால், கேட்கும் காது மற்றெல்லா வகையிலும் மௌனமாக இருக்க வேண்டும்.

அந்தக் காதுதான் 1959இல் ஹோம்டெலின் கிராஃபோர்ட் குன்றில் கட்டப்பட்ட கொம்பு அன்டெனா. சுமார் 15 மீற்றர் நீளமும் 18 தொன் எடையும் கொண்ட அலுமினியக் கூடு அது. நாதஸ்வரத்தின் அணசைச் சதுரமாக விரித்துப் பக்கவாட்டில் வெட்டியது போன்ற தோற்றம் என்று நினைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தட்டு அன்டெனாவில், தட்டுக்கு முன்னால் தொங்கும் வாங்கி தட்டை மட்டும் பார்ப்பதில்லை. தட்டின் விளிம்புக்கு வெளியே வழிந்து தரையையும் கொஞ்சம் பார்க்கிறது. தரை ஏறத்தாழ 300 கெல்வின் வெப்பநிலையில் இருப்பதால், அதன் மிகச் சிறு பங்கு உள்ளே புகுந்தாலும் பல கெல்வின் இரைச்சல் சேர்ந்துவிடும். கொம்பிலோ உலோகச் சுவர்கள் நான்கு பக்கமும் மறைத்து நிற்பதால், வாங்கி வானத்தைத் தவிர வேறெதையும் ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. அத்தோடு கொம்பு தன் அச்சைச் சுற்றியே உயரக் கோணத்தை மாற்றுவதால், அதன் நுனியில் உள்ள கருவியறை எப்போதும் சமதளமாகவே நிற்கும். திரவ ஹீலியத்தில் குளிரூட்டப்பட்ட, மிகக் குறைந்த இரைச்சலோடு நுண்ணலைகளைப் பெருக்கும் மேசர் என்ற பெருக்கியை நேராக நிறுத்தி, அன்டெனாவின் நுனியிலேயே பொருத்த முடிந்தது. இடையில் நீண்ட கம்பியில் சைகை தேயவில்லை.

பெரிய தட்டுகளின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. ஜோட்ரல் பாங்கின் பலம் வானில் ஒரு புள்ளியை அதன் அண்டையிலிருந்து பிரித்தறிவது. ஒரு விண்மீன் மண்டலத்தை நோக்கித் திருப்பி, பின்னர் அதன் பக்கத்து வெற்று வானத்துக்குத் திருப்பி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே வானியலாளர்கள் அளந்தார்கள். இந்தக் கதிர்வீச்சைப் போல எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் ஒன்று அந்தக் கழித்தலில் இரண்டு பக்கமும் இருந்து காணாமல் போய்விடும். எங்களைப் போன்ற தொடர்புக்காரர்களுக்கு வித்தியாசம் போதாது. மொத்த இரைச்சல் எவ்வளவு, அதில் யார் யார் பங்கு எவ்வளவு என்று கடைசிக் கெல்வின் வரை எழுதி வைக்க வேண்டும். கணக்காளரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு முதலில் இடித்தது 1961இல். எக்கோ வாங்கியைப் பரிசோதித்த எட்வர்ட் ஓம் என்ற பொறியியலாளர், வானம், கொம்பு, அலைக்குழாய், மேசர் என ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டி 18.9 கெல்வின் வர வேண்டும் என்று கணித்தார். அளந்தபோது 22.2 கெல்வின் வந்தது. 3.3 கெல்வின் மிகுதி. ஆனால் அவருடைய கூட்டுத்தொகையிலேயே மூன்று கெல்வின் அளவுக்குப் பிழை எல்லை இருந்ததால், அந்த மிகுதி எல்லைக்குள் அடங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை, அறிக்கையில் அச்சாகவே இருக்கிறது. அதற்கு மேல் அதைத் துரத்தும் தேவை அவருடைய வேலையில் இல்லை.

பின்னர் டெல்ஸ்டார் வந்தது. 1962 ஜூலை 10இல் ஏவப்பட்ட அந்தச் செய்மதி சைகையைத் தானே பெருக்கி அனுப்பியது. அதன் சைகையை வாங்க ஐரோப்பிய நிலையங்கள் உரிய காலத்தில் தயாராகாமல் போகலாம் என்ற அச்சத்தில், ஹோம்டெல் கொம்பிலும் 7.35 சென்ரிமீற்றர் அலைநீளத்துக்கான மேசர் ஒன்றைப் பொருத்தி வைத்தார்கள். ஐரோப்பியர்கள் தயாராகிவிட்டார்கள். இவ்வாறு உலகின் மிக அமைதியான அன்டெனாக்களுள் ஒன்று, பொருத்தமான பெருக்கியோடு, வேலை இல்லாமல் நின்றது. பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வானொலி வானியலாளர்களான ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அதை வானியலுக்குக் கேட்டு வாங்கியது அப்போதுதான்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், பென்சியாஸ் கட்டிய திரவ ஹீலிய ஒப்பீட்டுக் கருவி. வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த, மிகக் குளிர்ந்த ஒரு மூலத்தையும் அன்டெனாவையும் ஒரே மேசருடன் மாறி மாறி இணைத்தார்கள். மேசரின் சொந்த இரைச்சல் இரண்டிலும் ஒன்றே என்பதால் அது கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. ஓமின் பிழை எல்லையைப் பெருக்கிய பகுதிகளுள் ஒன்று இப்படித் தீர்ந்தது. கொம்பை நேர் உச்சிக்குத் திருப்பியபோது கிடைத்தது 6.7 கெல்வின். அதில் வளிமண்டலத்தின் பங்கு 2.3; உலோக இழப்பும் பின்புறக் கசிவும் சேர்ந்து 0.9. மீதி 3.5 கெல்வினுக்கு உரிமை கோர யாரும் இல்லை. இம்முறை பிழை எல்லை ஒரு கெல்வின்தான்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதியவர் கருவியின் பக்கத்தை மிகச் சிறப்பாக விளக்கியிருக்கிறார். ஆனால் அவருடைய விளக்கம் கருவிக்குக் கொஞ்சம் அதிக மரியாதை கொடுத்துவிடுகிறது என்பது என் தாழ்மையான கருத்து. அமைதியான அன்டெனா ஓமிடமும் இருந்தது. 1964இல் சோவியத் ஆய்வாளர்கள் தொரஷ்கேவிச்சும் நோவிகோவும், இந்தக் கதிர்வீச்சைத் தேட உகந்த கருவி இதே ஹோம்டெல் கொம்புதான் என்று தங்கள் கட்டுரையில் எழுதியும் விட்டார்கள். ஓமின் அறிக்கையையும் அவர்கள் படித்திருந்தார்கள். ஆனால் அதில் வளிமண்டலத்துக்கு உரியதாகக் குறித்திருந்த வெப்பநிலையைத் தவறாகப் பொருள் கொண்டு, மிகுதி எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கும் முன்னர், 1948இல் பௌதிகவியலாளர்கள் அல்ஃபரும் ஹேர்மனும் பிரபஞ்சம் இன்று சுமார் 5 கெல்வின் வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று கணித்திருந்தார்கள். பதினாறு ஆண்டுகள் யாரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அன்டெனா தேடிப் போகவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமெரிக்கப் பௌதிகவியலாளர் ராபர்ட் டிக்கி. பென்சியாஸ் அன்டெனாவையும் குளிர்ந்த மூலத்தையும் மாறி மாறி இணைத்தார் என்றார் நண்பர். அந்த மாற்றி முறையையே உருவாக்கியவர் டிக்கிதான், 1946இல். அதே ஆண்டில் வானத்திலிருந்து வரும் பின்னணி 20 கெல்வினுக்குக் குறைவு என்றும் அவர் அளந்து வெளியிட்டிருந்தார். 1964இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், தம் பழைய அளவீட்டை மறந்துவிட்டு, இதே கதிர்வீச்சைத் தேடும் ஒரு கருவியைத் தம் குழுவினரைக் கொண்டு கூரையில் கட்டிக்கொண்டிருந்தார். பிரின்ஸ்டனுக்கும் ஹோம்டெலுக்கும் இடையில் உள்ள தூரம், கொழும்புக்கும் களுத்துறைக்கும் இடையிலான தூரத்தைவிடச் சற்றே அதிகம். ஒருவரிடம் விளக்கம் இருந்தது, மற்றவரிடம் அளவீடு இருந்தது, இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியவில்லை. பெர்னார்ட் பர்க் என்ற வானியலாளர் தொலைபேசியில் பென்சியாஸிடம், டிக்கியின் குழுவைச் சேர்ந்த பீபிள்ஸ் இந்தக் கதிர்வீச்சைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்ன பிறகே முடிச்சு அவிழ்ந்தது. 1965இல் இரு குழுவினரின் கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. பென்சியாஸ், வில்சன் கட்டுரையின் தலைப்பில் பிரபஞ்சம் என்ற சொல்லே இல்லை. 4080 மெகாஹேர்ட்ஸில் அன்டெனா வெப்பநிலையின் மிகுதி பற்றிய அளவீடு என்று மட்டுமே இருக்கிறது. தமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாத அந்த அடக்கத்தை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் காட்டுவேன்.

புறாக்களைப் பற்றி: கதை உண்மைதான். இரண்டு புறாக்கள் கொம்பின் தொண்டையில் கூடு கட்டி, உள்ளே வெள்ளைப் பூச்சு பூசியிருந்தன. பிடித்துத் தொலைவில் உள்ள வேறொரு கிளைக்கு அனுப்பினார்கள். அவை வீடு திரும்பும் இனம் என்பதால் சில நாட்களில் திரும்பி வந்துவிட்டன. கடைசியில் சுட்டுக் கொன்றார்கள் என்பது கதையின் சோகமான முடிவு. எச்சத்தைத் துடைத்தார்கள், ஆணி அடித்த இணைப்புகளை அலுமினிய நாடாவால் ஒட்டினார்கள். இரைச்சலில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. புறாக் கதை பரவிய அளவுக்கு மற்றச் சோதனைகள் பரவவில்லை என்பது எனக்கு ஒரு குறை. நியூயோர்க் நகரை நோக்கித் திருப்பிப் பார்த்தார்கள், நகரம் காரணம் அல்ல. 1962இல் உயர் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் மிச்சமா என்று சந்தேகித்தார்கள். அப்படியானால் மாதங்கள் செல்லச் செல்ல அது குறைய வேண்டும், குறையவில்லை. பருவம் மாறியபோதும் மாறவில்லை. அதிர்ஷ்டம் என்பதை முற்றாக மறுக்க மாட்டேன், ஆனால் ஓராண்டு காலம் ஒரு மூன்றரை கெல்வினைக் கைவிடாமல் வைத்திருப்பதை அதிர்ஷ்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

1978இல் அவர்களோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவர் கபித்ஸா, திரவ ஹீலியத்தின் பண்புகளை ஆராய்ந்தவர். அது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல்.

தட்டு பூட்டுபவர் எழுதியது:

நான் பதினைந்து ஆண்டுகளாக வீடுகளில் தட்டு பூட்டுகிறேன். பெரியவர்கள் எழுதியதில் எல்லாமும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். சைகை பார்க்கும் சிறிய மீட்டரை எல்.என்.பி.யோடு, அதாவது தட்டுக்கு முன்னால் நிற்கும் வாங்கியோடு, இணைத்துக்கொள்ளுங்கள். தட்டை வெற்று வானத்துக்குக் காட்டினால் முள் கீழே இறங்கும். பக்கத்து மாடிச் சுவருக்குக் காட்டினால் ஏறும். சூரியனுக்குக் காட்டினால் இன்னும் நன்றாக ஏறும். எல்.என்.பி.க்கு முன்னால் வெறும் உள்ளங்கையைப் பிடித்தாலும் ஏறும், ஏனென்றால் கையும் சூடுதான். கொழும்பில் பல தட்டுகள் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்தே நிற்பதால் தரையின் சூடு அதிகம் சேராது, ஆனால் மழை நீர் தட்டில் தேங்கும், அது வேறு தொல்லை.

வெள்ளவத்தை வாசகர் கேட்டது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 6.7இலிருந்து 2.3ஐயும் 0.9ஐயும் கழித்தால் 3.5 வருகிறது என்பதைப் பார்த்தபோது, ஐந்தொகை இடிக்கும் இரவுகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கள் தொழிலில் அத்தகைய மிகுதியை ஒரு தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஓம் செய்ததும் அதுதான் போலிருக்கிறது, அவர்மீது எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. மீட்டரும் தட்டும் சுவரின் சூட்டையும் கையின் சூட்டையும் காட்டுமானால், இந்தக் கதிர்வீச்சை ஏன் என் மாடியிலிருந்தே அளக்க முடியாது? அத்தோடு, கடலடிக் கம்பிகள் வந்த பிறகு வேலை குறைந்துபோன பழைய பெரிய தட்டுகளுக்கு வானியலில் இனியும் இடம் உண்டா?

கட்டுபெத்த பழைய மாணவர் எழுதியது:

ஐயா, மாடியில் அது இப்போதும் உங்கள் எல்.என்.பி.க்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. நிகழ்ச்சிகள் முடிந்தபின் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் தெரிந்த புள்ளிக் கூட்டத்திலும் ஒரு சிறு பங்கு அதுவே. தடை இரண்டு. ஒன்று, உங்கள் எல்.என்.பி. தானே எழுப்பும் இரைச்சல் பல பத்துக் கெல்வின்கள். அதன் நடுவே 2.7 கெல்வினை (பின்னர் துல்லியமாக அளந்தபோது இந்தக் கதிர்வீச்சுக்குக் கிடைத்த வெப்பநிலை) தேட வேண்டும். இரண்டாவதுதான் பெரியது. சூரியனை அளக்க வேண்டுமானால் சூரியனிலிருந்து தட்டைத் திருப்பி ஒப்பிடலாம். சுவருக்கும் அப்படியே. இந்தக் கதிர்வீச்சிலிருந்து திருப்பிக் கொண்டுபோக வானில் ஓர் இடம் இல்லை. ஒப்பிடுவதற்குரிய குளிரை நீங்களே தயாரிக்க வேண்டும், அதற்கு மாடியில் திரவ ஹீலியம் வேண்டும். பின்னாளில் இதே கதிர்வீச்சை அளக்கச் சென்ற கோபே விண்கலம், 1989இல் ஏவப்பட்டபோது, தன்னோடு ஓர் ஒப்பீட்டு மூலத்தைச் சுமந்து சென்றதும் இதே காரணத்துக்காகத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் இருக்கிறது. 1960களின் இறுதியிலிருந்து 80கள் வரை கண்டங்களுக்கு இடையிலான தொலைபேசிக்காக உலகெங்கும் கட்டப்பட்ட 30, 32 மீற்றர் தட்டுகளில் சில வானொலித் தொலைகாட்டிகளாகிவிட்டன. தெற்கு அவுஸ்திரேலியாவின் செடூனாவில் உள்ள 30 மீற்றர் தட்டை 1990களின் நடுப்பகுதியில் தஸ்மேனியப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்தின் வோர்க்வேர்த்தில் இன்னொன்று. கானாவின் அக்ராவுக்கு அருகே குன்டுன்சேயில் உள்ள 32 மீற்றர் தட்டு 2017இல் தொலைகாட்டியாகத் திறக்கப்பட்டது. நம்மைப் போலவே நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தையும் அங்கிருந்து பார்க்க முடியும்.

மாற்றுவது எளிதன்று. செய்மதித் தட்டு வானில் ஒரே இடத்தைப் பார்த்தபடி சிறு திருத்தங்களோடு ஆண்டுக்கணக்கில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. விண்மீனைத் தொடர்ந்து மணிக்கணக்கில் நகர வேண்டுமானால் மோட்டார்களையும் அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டையும் புதுப்பிக்க வேண்டும், துருப்பிடித்த தாங்கிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வசதி இயற்கையாகவே வாய்த்திருக்கிறது: அந்தத் தட்டுகள் 6 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் செய்மதிக்குச் சைகை அனுப்பின, விண்மீன்கள் பிறக்கும் முகில்களில் மெதனோல் மூலக்கூறுகள் ஒலிக்கும் அலைவரிசை அதற்குச் சற்றே மேலே, 6.7 கிகாஹேர்ட்ஸில் இருக்கிறது. தட்டு குவிக்கும் அலைகளை வாங்கும் பழைய ஊட்டுக்கொம்பைச் சற்றே திருத்தினால் போதும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. குன்டுன்சே முதலில் கேட்டவற்றுள் இந்த மெதனோலும் ஒன்று.

இலங்கையில் அத்தகைய ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசையை இங்கு எழுதுவதால் எதுவும் நடக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுத் தட்டைப் பொறுத்தவரை, கொழும்பு நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே இருப்பதால், செய்மதிகள் நமக்கு வான நடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் தெற்கே தெரிகின்றன. ஆகவே சூரியன் மார்ச் சமஇரவுக்குச் சில நாட்கள் முன்னரும் செப்டெம்பர் சமஇரவுக்குச் சில நாட்கள் பின்னரும் அவற்றைக் கடக்கும். செப்டெம்பர் 26ஐ ஒட்டிய நாட்களில் தட்டு பூட்டும் நண்பரின் மீட்டர் போன்ற ஒன்றை இரவல் வாங்கி, பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முள்ளின் இடத்தைக் குறித்து வையுங்கள். படம் உடையத் தொடங்குவதற்கு முன்பே முள் ஏறத் தொடங்கியிருக்கும்.